யார் கேட்டாலும் நாலு

கூலி கேட்டால் கிருஷ்ணகிரி மாவட்டம், வாடகை கேட்டால் பெங்களூர். ஓசூரில் வாடகைக்கு இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தப் பேச்சு தெரியும். முதலில் யார் சொன்னது என்றுதான் தெரியாது. நான் இதை ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த ஒரு டீச்சரம்மாவிடம் கேட்டேன். அவர் காய்கறி வண்டிக்காரரிடம் கேட்டாராம். இப்படிப்பட்ட பேச்சுகளைச் சேர்த்து வைப்பது எனக்குப் பழக்கம். தையல் மெஷின் முன்னால் கையும் காலும் ஓடிக்கொண்டே இருக்கும், காது மட்டும் சும்மாதானே இருக்கிறது? வருகிறவர்கள் துணியோடு ஒரு வார்த்தையையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வார்த்தையை வைத்துக்கொள்வேன்.

நாங்கள் முன்பு இருந்தது அரசாங்கம் கட்டிக்கொடுத்த அடுக்கு வீடு. மேலே இருந்து சிமெண்ட் பெயர்ந்து சோற்றுத் தட்டில் விழ ஆரம்பித்த பிறகு, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருகிறோம் என்றார்கள். அதுவரை வெளியே வாடகைக்கு இருந்துகொள்ளுங்கள், மாதாமாதம் உதவித்தொகை பேங்கில் போடுகிறோம் என்றார்கள். போட்டார்கள். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். சொன்ன நாளில் போனுக்கு மெசேஜ் வந்துவிடும். ஒரே ஒரு சிக்கல். அந்தத் தொகையை எந்த ஊரில் வாடகை விசாரித்து முடிவு செய்தார்களோ, அந்த ஊர் ஓசூர் இல்லை.

"இந்தக் காசுக்கு வூடு கெடைக்கற ஊருக்கு இன்னும் ரோடே போடலீங்க," என்றார் பாய்.

பாய் என்றால், அடுக்கு வீட்டில் எங்களுக்கு அடுத்த கதவில் இருந்த அக்காவின் வீட்டுக்காரர். மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி மண்டிக்குப் போய்விடுவார். மற்ற நாளில் தெருத்தெருவாகக் காய்கறி வண்டி. ஆள் பேசுவது குறைவு, பேசினால் இப்படித்தான். அவர் பேசாததையும் சேர்த்துப் பேச அக்கா இருந்தார். அக்காவுக்கு ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. முதல் ஷிப்ட். விடிவதற்குள் கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் வந்து நிற்கும், ஒரு ஹாரன் அடிக்கும், போய்விடும். அந்த ஹாரனில்தான் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. வண்டிக்காசு வரும், போகும். அக்காவின் சம்பளம்தான் நிலைத்தது.

இடித்த பிறகு நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரே லைன் வீட்டில் குடிபுகுந்தோம். வரிசையாக அறைகள், பொதுக் குழாய், மாடியில் ஓனரம்மா. ஓனரம்மாவுக்கு மூன்று பாஷை. கோபம் வந்தால் தெலுங்கு, கணக்குப் போட்டால் கன்னடம். வாடகை கேட்க மட்டும் நல்ல தமிழ்.

குடிவந்த அன்றே விதிமுறையைச் சொல்லிவிட்டார். "வாடகை ஏழாயிரம். அக்ரிமெண்ட்ல நாலாயிரம்னு எழுதறோம். மிச்சம் கையில. யார் வந்து கேட்டாலும் நாலு. ஈபிக்காரன் கேட்டாலும் நாலு, வரி ஆபீஸ் கேட்டாலும் நாலு, உங்க மாமியார் கேட்டாலும் நாலு. ஆயித்தா?"

"ஆயிதுங்க, ஆச்சுங்க," என்று கன்னடத்திலும் தமிழிலும் தலையாட்டினோம். இது ஏதோ ஓனரம்மா கண்டுபிடித்த தந்திரம் என்று நினைக்காதீர்கள். எங்கள் பக்கம் பாதிப் பேர் வீட்டில் இதுதான் வழக்கம். வீட்டுக்கு ஒரு வாடகை இருக்கும், காகிதத்துக்கு ஒரு வாடகை இருக்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வாழும், சண்டை போடாது. குடியிருப்பவர்களுக்கும் இதில் ஒரு வசதி. பெரிய வாடகை கொடுப்பதாக வெளியே தெரிந்தால் வசதியானவர்கள் என்று நினைத்து ரேஷன் அரிசியில் கை வைத்துவிடுவார்களோ என்று ஒரு பயம். ஆகவே பேனாவோடு எவர் வந்தாலும் எங்கள் வாயில் தானாக வருவது நாலு.

வாடகைக்கு மேலே மற்றவை. தண்ணீருக்குத் தனி. கரண்டுக்குத் தனி, அரசாங்கம் இலவசமாகத் தருகிற யூனிட் எல்லாம் மாடி மீட்டரோடு நின்றுவிடும், கீழே இறங்காது. தண்ணீரை மேலே ஏற்றுகிற மோட்டாருக்குத் தனி. நாங்கள் ஏறாத மாடிப்படியில் எரிகிற பல்புக்கும் பங்கு உண்டு. "நம்ம வூட்டு இருட்டுக்கு மட்டுந்தான்டி காசு கேக்கல," என்று அக்கா சொல்வார். ஓனரம்மாவையும் சும்மா சொல்லக்கூடாது. அவருக்கும் பேங்க் லோன் இருந்தது, டேங்கர்காரன் அவருக்கும் விலை ஏற்றினான். ஏறுகிற விலை மாடியில் நின்று யோசிக்குமா? படி இறங்கிக் கீழே வந்துவிடும்.

அப்படித்தான் ஒருநாள் வந்தது. "பொங்கல்ல இருந்து எட்டாயிரம். முடியாதுன்னா முன்னாலயே சொல்லிடுங்க. கேக்கறதுக்கு ஆளு நிக்குது," என்று ஓனரம்மா நல்ல தமிழில் சொன்னார்.

நான் எப்படியாவது இரண்டு ஜாக்கெட் கூடத் தைத்துச் சமாளிக்கலாம். அக்கா வீட்டில் அது முடியாது. பாய் கணக்குப் பார்த்தார். கணக்கு என்றால் வாய்விட்டுப் பெருமூச்சு விடுவது. ஓசூரை விட்டுத் தள்ளி, பேரிகை என்கிற ஊரில் அவர் தங்கை வீட்டை ஒட்டி ஒரு அறை காலியாக இருக்கிறது, அங்கே போய்விடலாம் என்றார். பேரிகையில் வாடகை சல்லிசு. ஆனால் கம்பெனி பஸ் வருகிற அந்த விடியாத நேரத்துக்கு அங்கிருந்து எங்கள் தெருமுனைக்கு எந்த வண்டியும் கிடையாது. பேரிகைக்குப் போனால் வீடு இருக்கும், வேலை இருக்காது.

"வேலய வுட்டுட்டு வூட்டக் கட்டிக்கிட்டு என்னாத்த பண்றது? செவுத்தயா கரச்சுக் குடிக்கறது?" என்றார் அக்கா.

ஆகவே ஒரு திங்கட்கிழமை பஸ் ஏறிக் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசுக்குப் போனோம், மனு கொடுக்க. பழைய அடுக்கு வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர். பேச வேண்டியது அக்கா என்று பஸ்ஸிலேயே முடிவாகிவிட்டது.

"சார், அரசாங்கம் குடுக்கறத நாங்க கொற சொல்லலீங்க," என்று ஆரம்பித்தார் அக்கா. "ஆனைப் பசிக்குச் சோளப்பொரி போட்டா ஆனைக்கும் பசி தீரல, பொரிக்கும் அவமானம். ஓசூரு வாடகையப் பாத்துட்டுப் போடுங்க சார்."

மேசைக்குப் பின்னால் இருந்தவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். ஊருக்கு ஊர் வாடகை, கரண்ட், தண்ணீர்ச் செலவு எல்லாம் பார்த்து அதற்குத் தக்கபடி தொகையைத் திருத்தத்தான் போகிறோம், வீட்டுக்கே ஆள் வந்து கேட்பார், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், அது போதும் என்றார். இவ்வளவு சுலபமா என்று இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா எல்லோருக்கும் கடலை வாங்கிக் கொடுத்தார்.

ஆள் வந்தார். தெற்கத்திக்காரர், திருநெல்வேலிப் பக்கம். நடுவயது, கையில் ஒரு டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் நல்ல களைப்பு. ஓனர் கையெழுத்தும் வேண்டும் என்பதால் ஓனரம்மாவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

முதல் கதவு அக்காவுடையது. "என்ன வாடகை கொடுக்கிய?" என்றார் சார்.

"நாலு சார்," என்றார் அக்கா.

என் மெஷின் நின்றது. அக்காவுக்குத் தான் சொன்னது தன் காதில் விழவே இல்லை. சொன்ன வேகம் அப்படி. பெயர் என்ன என்று கேட்டால் யோசிக்கிறோமா?

"கரண்டுக்கு?"

"அதான் ஃப்ரீ ஆச்சுங்களே சார்."

"தண்ணி எப்படி?"

"கொழாய்ல வருதுங்க. நல்லாவே வருதுங்க."

வீட்டுக்கு வந்த புது மனிதரிடம் கஷ்டம் சொன்னால் நாகரிகம் இல்லை என்று வேறு ஒரு நினைப்பு. ஓனரம்மா முகத்தில் பௌர்ணமி. அடுத்த கதவும் நாலு. அதற்கடுத்ததும் நாலு. என்னிடம் வந்தபோது எல்லோரும் நாலு சொன்ன இடத்தில் நான் மட்டும் ஏழு சொல்வதா என்று நானும் நாலே சொன்னேன். "எல்லாரும் ஒண்ணுபோலச் சொல்லுதிய, எனக்கு வேலை சுளுவாப் போச்சு," என்று சந்தோஷமாகக் கும்பிட்டுவிட்டுப் போனார் சார்.

அவர் தெருமுனை தாண்டிய பிறகுதான் அக்கா தன் வாயில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி, பஸ்ஸேறிப் போயி மனு குடுத்தவளும் நாந்தான், நாலுன்னு சொன்னவளும் நாந்தான். தவள தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க. தவளையாச்சும் மழைக்குக் கத்துது. நான் எதுக்குடி கத்தினேன்?"

பதில் வந்தது. ஓசூரில் வாடகை கட்டுக்குள்தான் இருக்கிறது, மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் செலவே கிடையாது, ஆகவே தொகையைக் கூட்ட அவசியம் இல்லை. எங்கள் வாய் சொன்ன ஊரைக் காகிதத்தில் பார்த்தால், அங்கே குடிபோக எனக்கே ஆசை வந்தது.

பொங்கலுக்கு அதிக நாள் இல்லை. அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு ஓசூரிலேயே இருந்த ஆபீசுக்கு அந்தத் தெற்கத்தி சாரைத் தேடிப் போனார்.

"சார், அன்னிக்கு நாங்க சொன்னது பொய்ங்க."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "எம்மா, அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்லுதது பொய்யா? நான் எதை நம்புவேன்?"

"ஏழு சார். நெசமா ஏழு."

"உங்க ஓனர் நாலுன்னு கையெழுத்துப் போட்டிருக்காவ. நீங்களும் நாலுன்னு போட்டிருக்கிய. தெருவே போட்டிருக்கு. நீங்க ஒருத்தர் மட்டும் வந்து ஏழுங்கிய."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். கிளம்பப்போனோம். சார்தான் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "ஒரு உதவி. நான் கிருஷ்ணகிரில ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன். இப்போ இங்கயே மாத்தல் ஆயிட்டு. ஊர்ல இருந்து குடும்பத்தைக் கூட்டி வரணும். உங்க தெருப்பக்கம் நாலாயிரத்துக்கு ஒரு வீடு இருந்தாப் பாத்துச் சொல்லுதியளா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். சிரிக்கக்கூடாது என்று இரண்டு பேரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டோம்.

"ஞாயித்துக்கெழம வாங்க சார், காட்டறோம்," என்றார் அக்கா. தேன் மாதிரி ஒரு குரல்.

எந்த வீடு காலி என்று என்னைக் கேட்டால் தெரியும். குடிபெயர்கிறவர்கள் தைக்கக் கொடுத்த துணியைக் கேட்டு முதலில் என்னிடம்தான் வருவார்கள். மூன்று வீட்டுக்குக் கூட்டிப்போனோம். முதல் வீட்டில் பத்து மாத அட்வான்ஸ் என்றார்கள். "பத்தா?" என்றார் சார். "பெங்களூர் பக்கமுங்க," என்றார் வீட்டுக்காரர், தான் பெங்களூரைப் பெற்று வளர்த்தவர் மாதிரி.

இரண்டாவது வீட்டில் மெயின்டனன்ஸ் தனி என்றார்கள். சார் சுற்றிப் பார்த்தார். "லிப்ட் இல்ல, வாச்மேன் இல்ல. எதைய்யா மெயின்டனன்ஸ் பண்ணுதிய?"

"வீட்டைத்தாங்க."

மூன்றாவது வீடு அவருக்குப் பிடித்துவிட்டது. வெளிச்சம் இருந்தது, காற்றும் வந்தது. வாடகை பத்தாயிரம். டேங்கர் தண்ணீர் பங்கு, கரண்ட், மோட்டார் எல்லாம் அதற்கு மேலே. சார் திகைத்து நின்றார். கவர்ன்மெண்ட் ஆள் என்று கேள்விப்பட்டதும் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டு, தம்பியிடம் சொல்வதுபோல ஆறுதலாகச் சொன்னார்: "கவலப்படாதீங்க சார். அக்ரிமெண்ட்ல நாலுன்னு போட்டுக்கலாம். யார் கேட்டாலும் நாலு."

சார் மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா மேலே ஃபேன் மாட்டுகிற கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வழி இல்லாமல் அந்த வீட்டையே எடுத்தார். ஆனால் மனிதர் மனிதர்தான். மறுவாரமே மேலே எழுதிப்போட்டு, எங்கள் தெருவில் மறுபடி விசாரிக்க உத்தரவு வாங்கிவிட்டார். முன்கூட்டியே சொல்லியும் அனுப்பினார்: "இந்தத் தடவை வாயைச் சரியாத் தொறங்கம்மா. மூணாவது தடவை என்னால கேக்க முடியாது."

அதே பிளாஸ்டிக் நாற்காலி. அதே டீ. ஓனர் கையெழுத்து வேண்டும் என்பதும் அதேதான், ஆகவே நாற்காலிக்குப் பின்னால் அதே ஓனரம்மா. பாய் அன்று வண்டி தள்ளப் போகவில்லை. கதவோரமாக நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அக்கா உண்மையைச் சொன்னால் ஓனரம்மா பொங்கல் வரைகூடக் காத்திருக்க மாட்டார். சொல்லாவிட்டால் பேரிகை. இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் அக்கா.

"என்ன வாடகை கொடுக்கிய?"

அக்கா வாயைத் திறந்தார். நாக்கு பழக்கப்பட்ட இடத்துக்குப் போய் நின்றது எனக்கே தெரிந்தது. ஓனரம்மா நாற்காலியை இறுக்கிப் பிடித்தார். சார் பேனாவால் டேப்லெட்டைத் தட்டினார்.

"ஏழு," என்றார் அக்கா. பிறகு அணை உடைந்தது. "ஏழு சார். தண்ணிக்குத் தனி. கொழாய்ல காத்துதான் வருது, தண்ணி டேங்கர்ல வருது. கரண்டு மாடிக்கு ஃப்ரீ, எங்களுக்குக் காசு. நாங்க ஏறாத படிக்கட்டு பல்புக்கும் காசு. எழுதிக்கோங்க சார், நான் மூச்சு வுடறதுக்குள்ள எழுதிக்கோங்க."

"அய்யோ தேவுடா," என்றார் ஓனரம்மா.

அடுத்த கதவில் இருந்தவள் எட்டிப்பார்த்து, "எங்களுக்கும் ஏழு சார்!" என்றாள். அதற்கடுத்த கதவும் ஏழு. நானும் மெஷினை விட்டு எழுந்து ஏழு என்றேன். பொய் சொல்வதைப்போலவே உண்மை சொல்வதற்கும் ஒருவர் முதலில் ஆரம்பித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஓனரம்மா பொரிந்து தள்ளினார், தெலுங்கில். ஆனால் சார் டேப்லெட்டை நீட்டியபோது கையெழுத்துப் போட்டுவிட்டார். வரிசை முழுக்க ஏழு என்று சொன்ன பிறகு அவர் ஒருவர் மட்டும் நாலு என்று எப்படிச் சொல்வார்?

அக்கா அன்றைக்கே தட்டுமுட்டுச் சாமானை மூட்டை கட்டி வைத்தார். வெளியே போகச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தோம். ஓனரம்மா கீழே இறங்கவே இல்லை. ஒரு லைனையே ஒரே நாளில் காலி செய்தால் லோனை யார் கட்டுவது?

பொங்கலுக்கு முன்னால் உத்தரவு வந்துவிட்டது. தொகையைக் கூட்டிவிட்டார்கள். அதிகம் இல்லை, ஆனால் கூடியது கூடியதுதான். அக்கா மூட்டையைப் பிரித்து முதல் வேலையாகக் குக்கரை எடுத்துப் பிரியாணி வைத்தார். நாங்கள் சாப்பிட்டு முடித்து ஈரக் கையோடு இருக்கும்போது ஓனரம்மா இறங்கி வந்து என் தையல் ஸ்டூலில் உட்கார்ந்தார். கோபம் எல்லாம் போயிருந்தது. நல்ல தமிழ் வந்துவிட்டது.

"ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இனி எதுக்கு அக்ரிமெண்ட்ல ஒண்ணு, கையில ஒண்ணு? தையில இருந்து எட்டுன்னு காகிதத்துலயே எழுதிடலாம். அரசாங்கந்தான் உங்களுக்கு ஏத்தித் தருதில்ல?"

"மகராசி," என்றார் அக்கா, "எங்களுக்கு ஏத்தினது நேரா உங்க மாடிப்படி ஏறிப் போவுதே!"

"ஏன் மாடோது தாயி, என்ன பண்றது, உங்க வாயால எனக்கு வீட்டு வரி ஏறப்போகுது," என்று கன்னடமும் தமிழுமாக ஓனரம்மா சொன்னதில் பொய் இல்லை. பிரியாணி ஒரு தட்டு அவருக்கும் போனது.

"ஆக, கெடச்சது என்னா?" என்று பாய் கேட்டார்.

"பஸ்ஸு," என்றார் அக்கா.

அது சரிதான். பேங்கில் இருந்து வருவது கை நனையும் முன்பே மாடிக்குப் போய்விடுகிறது. முன்பு எவ்வளவு துண்டு விழுந்ததோ ஏறக்குறைய அவ்வளவே இப்போதும் விழுகிறது. ஆனால் விடிவதற்குள் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது, அக்கா ஓடுகிறார். புது அடுக்கு வீடும் மெதுவாக எழும்பிக்கொண்டிருக்கிறது.

போன வாரம் அக்கா ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தார். யூனிபார்ம் சேலையைக்கூட மாற்றவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். வரும் வழியில் சார் வீட்டு வாசலில் வரி ஆபீஸ் ஆள் ஒருவர் காகிதமும் பேனாவுமாக நின்றிருக்கிறார். வாசற்படியில் சார். அவருக்குப் பின்னால், அவர் தோளில் கை போட்டுக்கொண்டு வீட்டுக்காரர்.

"என்ன வாடகை தர்றீங்கன்னு கேட்டாங்கடி."

"சார் என்ன சொன்னாரு?"

அக்கா நாலு விரலைக் காட்டினார்.

"கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள சொல்லிட்டாருடி. அப்பறந்தான் என்னெப் பாத்தாரு."

"நீ என்ன பண்ணின?"

"என்னாத்த பண்றது? தலைக்கு மேல அந்தப் பக்கம் கொக்கி ஏதும் இல்ல. கரண்டு கம்பியப் பாத்துக்கிட்டே வந்துட்டேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம்டி. அவரும் நம்ம ஊர்க்காரரா ஆயிட்டாரு."